அறுப்புக்குழி மோர்

எங்கள் வீட்டில் எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொன்னது கிடையாது. கேட்டால், "பெரியவுக பேசுற எடத்தில ஒனக்கென்னடி வேலை?" என்பார்கள். கேட்காமல் இருந்தால், "அழுத்தக்காரி, வாயத் தொறக்குறாளா பாரு" என்பார்கள். ஆகவே எட்டு வயது வரைக்கும் உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நானாக ஊகித்து வைத்துக்கொண்டதுதான். அதில் முக்கால்வாசி தப்பு. ரயில் கட்டை விஷயத்தில் முழுக்கவே தப்பு.

அது யுத்த காலம். மதுரையிலிருந்து போடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலை ஒருநாள் நிறுத்தினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தண்டவாளத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊர் தேனிக்கும் போடிக்கும் நடுவில், ரயில் லயனை ஒட்டினாற்போல இருந்தது. கழற்றுகிற ஆட்கள் வந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழுக்க அங்கேதான் நின்றோம். இரும்பு போன பிறகு, அதற்கு அடியில் கிடந்த கட்டைகள் மட்டும் வரிசையாகக் கறுப்பு கறுப்பாகக் கிடந்தன. சிலீப்பர் கட்டை என்பார்கள். கறையான் அரிக்காமல் இருப்பதற்காகத் தார் எண்ணெயில் ஊறப்போட்டு எடுத்த கட்டைகள் அவை. வெயில் ஏறினால் அந்த நாற்றம் ஊருக்குள் வரும்.

"தண்டவாளம் சண்டைக்குப் போயி என்ன செய்யும்?" என்று அய்யாவைக் கேட்டேன். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"குண்டாகும், பீரங்கியாகும்."

"அப்ப கட்டை?"

"நம்ம மாட்டுத்தொழுவாகும், போ."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வண்டி வண்டியாகக் கட்டைகள் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் வந்து இறங்கின. அய்யா ஏலத்தில் எடுத்திருந்தார். கட்டை ஒவ்வொன்றையும் இறக்கும்போது சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை கொடுக்க வரவில்லை.

சித்தப்பா என்றால் அய்யாவின் தம்பி. அந்த லயனில்தான் அவருக்கு வேலை. காக்கி அரைக்கால் சட்டையும் தோளில் சம்மட்டியுமாகத் தினமும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து போவார். கட்டையில் எங்கே ஆணி கழன்றிருக்கிறதோ அங்கே அடித்து இறுக்குவார். லயன் போனதும் அவருடைய வேலையும் போய்விட்டது. வேலை போனது கூட வீட்டில் பெரிய பேச்சாக இல்லை. அதோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடும்போல இருந்தது. அதுதான் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

காமயகவுண்டன்பட்டியில் சித்தப்பாவுக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். தூரத்துச் சொந்தம். பெண்ணின் அப்பா அய்யாவுக்கு மாமா முறை, எனக்குத் தாத்தா முறை. சித்தப்பா அந்தப் பெண்ணை வீரபாண்டித் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தார். அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "மதினி, கட்டுனா அந்தப் புள்ளையத்தான் கட்டுவேன். இல்லையா, இப்படியே கெடந்துட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னதை நான் குதிருக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

பெண்ணின் அப்பா ஒரு தடவை எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார், ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது. அம்மா பணியாரம் சுட்டு, பாயசம் வைத்து, வாழை இலை விரித்துவிட்டாள். அவர் இலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார். எனக்கு மகா கோபம். பணியாரத்தில் என்ன குறை என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் அம்மா பெரிய மனசு பண்ணிப் பதில் சொன்னாள். பெண் கொடுக்கிறவர்கள் சம்மதம் என்று முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். உப்புப் போட்ட எதுவும் வாயில் படக்கூடாது. பட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி. அப்படியானால் பணியாரத்தை ஏன் சுட்டாய் என்று கேட்டேன். "சுடாம விட்டா நல்லாருக்குமாடி?" என்றாள். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

ரயில்வே மாப்பிள்ளை என்றுதான் அந்தத் தாத்தா பேசவே வந்தார். லயனைக் கழற்றியதும் அவரிடமிருந்து ஆள் வந்தது. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் வந்து ஒரு முடிவு சொல்கிறேன் என்றாராம். என்ன முடிவு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

அய்யா போட்ட திட்டம் இது. ரயில்வேக்காரன் என்கிற பேரு போனால் போகட்டும், நிலத்தில் பாடுபடுகிற சம்சாரி என்று காட்டுவோம். சித்தப்பாவுக்கென்று தனியாக ஒரு மாட்டுத்தொழு, அதில் ஒரு சோடி மாடு. ஆவணியில் வருகிற மனிதர் அதைப் பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் புது மரம் வாங்க முடியாது, கிடைக்கவும் கிடைக்காது. அதனால்தான் சிலீப்பர் கட்டை. ஆடிக்குள் அறுத்து முடித்துவிட வேண்டும்.

சித்தப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. தினமும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து இதே சண்டைதான்.

"சண்டை முடிஞ்சா ரயிலு திரும்ப வரும்ணே. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்காக. வந்தாகன்னா மொதல்ல கட்டையத்தான் கேப்பாக."

"கேக்கட்டுமே. மாட்டை அவுத்து வேப்பமரத்தில கட்டிட்டு, தொழுவப் பிரிச்சுக் குடுத்துடுறேன்."

"நக்கல் பண்ணாதண்ணே."

"ஏலே, இரும்பைக் காய்ச்சிக் குண்டாக்கிட்டான். நீ கட்டைய வச்சுக்கிட்டு அடைகாக்குற."

எனக்கு யார் பேச்சை நம்புவது என்று தெரியவில்லை. அய்யா பேசும்போது அவர் சொல்வது சரியாக இருக்கும். சித்தப்பா வாயைத் திறந்ததும் அதுதான் சரி என்று தோன்றும். ரயில் வரும் என்றால் கட்டையை அறுக்கக்கூடாது. கட்டையை அறுக்காவிட்டால் தொழு இல்லை. தொழு இல்லாவிட்டால் பெண் இல்லை. ரயில் வந்தால் பெண் உண்டு. ஆனால் ரயில் ஆவணிக்குள் வருமா? இதை நினைத்து நினைத்து எனக்குத் தலை சுற்றும். படுத்துத் தூங்கிவிடுவேன்.

ஆடி பிறந்ததும் கெங்குவார்பட்டியிலிருந்து மரம் அறுக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றுக்குத் தெற்கே ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டினார்கள். குழிக்கு மேல் இரண்டு பனந்துண்டுகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கட்டையைக் கிடத்தி இரும்புக் கொக்கியால் இறுக்கினார்கள். அண்ணன்காரர் கட்டையின் மேல் ஏறி நிற்பார். தம்பி குழிக்குள் இறங்குவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஆளை விட நீளமான ரம்பம். அதை அவர்கள் வாள் என்பார்கள். மேலே இருப்பவர் தூக்க, கீழே இருப்பவர் இழுக்க, மரத்தூள் முழுவதும் கீழே இருப்பவரின் தலையில் விழும்.

சாதாரண மரத்தில் கரி நூல் அடித்துக் கோடு போடுவார்களாம். இந்தக் கறுப்புக் கட்டையில் கரிக்கோடு எங்கே தெரியப்போகிறது? அண்ணன்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நூலில் தடவினார். நூலை இழுத்துச் சுண்டியதும் வெள்ளைக்கோடு பளிச்சென்று விழுந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் கட்டை தீருவதற்கு முன்னால் அவருக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோய், வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாரிடமும் எரிந்து விழுந்தார்.

மஞ்சள் பிள்ளையார் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் வாளை வைத்தார்கள். நாலு இழுப்பு ஒழுங்காகப் போனது. ஐந்தாவது இழுப்பில் கிறீச்சென்று ஒரு சத்தம். உள்ளே ஒடிந்த ஆணி. வாளில் இரண்டு பல் போய்விட்டது. அண்ணன்காரர் கட்டையிலிருந்து குதித்து, இதைப் போட்ட வெள்ளைக்காரன், எடுத்த வெள்ளைக்காரன், ஏலம் விட்டவன் எல்லாருடைய வம்சத்தையும் இழுத்துத் திட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையையும் அறுப்பதற்கு முன்னால் ஆணி தேட வேண்டியதாயிற்று. ஆணி போக, தார் வேறு. அறுக்க அறுக்கச் சூட்டில் இளகிப் பல்லில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும் என்பதால் இலுப்பை எண்ணெயைத் துணியில் தொட்டு வாளைத் துடைத்தார்கள்.

வாளைத் துடைத்துவிடலாம். மனிதனை எப்படித் துடைப்பது? ஆடிக்காற்று எங்கள் பக்கம் சும்மா வீசாது. மலைக் கணவாயிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வரும். தார் ஊறிய தூள் குழிக்குள் சுழன்று சுழன்று அடித்தது. கீழே நின்ற தம்பிக்கு முகம், கழுத்து, கை எல்லாம் தீப்பட்டமாதிரி சிவந்து, அப்புறம் கொப்புளம் கிளம்பியது. கண் இரண்டும் வீங்கிப்போயிற்று. "இது மரமில்லய்யா, பேயி" என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன்காரர் மட்டும் வாளுக்குக் காவலாக இருந்தார். குழிக்குள் இறங்க வேறு ஆள் தேடி அய்யா சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அலைந்தார். ஒருவரும் வரவில்லை. வாளில் ஏற்றிய கட்டை பாதி அறுத்தபடியே கிடந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழிக்குள் சித்தப்பா நிற்கிறார். பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு, மூக்கையும் வாயையும் மூடி இன்னொரு துண்டு. கண் மட்டும் தெரிந்தது.

நான் குழம்பிப்போனேன். அறுக்கக்கூடாது என்று சண்டை போட்டவரே அறுக்கிறார். ரயில் வருமா வராதா என்று கேட்கலாம் என்று குனிந்தேன். "தூள் விழும், தள்ளிப் போ" என்றார். அன்று ராத்திரிச் சோற்றின்போது சண்டை முடிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. "ரயிலு வரத்தான் போகுது, பாத்துக்க" என்று வழக்கம்போலச் சொன்னார். சொல்லிவிட்டு விடிந்ததும் குழிக்குள் இறங்கினார்.

தொண்டை எரிச்சலுக்கும் உடம்புச் சூட்டுக்கும் மோர்தான் மருந்து என்று அம்மா சொல்லிவிட்டாள். மோர் கொண்டு போகிற வேலை எனக்கு. வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைப்பேன். உப்பு ஒரு சிரட்டையில் அங்கேயே இருந்தது. யாராவது இருமினால் செம்பில் மோரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கலக்கி நீட்ட வேண்டும். ஒரு வாரத்தில் எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. இருமல் சத்தம் கேட்டால் கை தானாகச் செம்புக்குப் போகும்.

அப்படி ஒருநாள், மறுபடியும் ஒரு ஆணி. பல் போன வாளை எடுத்துக்கொண்டு அண்ணன்காரர் அரம் போட வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். சித்தப்பா குழிக்குள் நின்றபடியே, மேலே இருந்த கட்டையில் ஆணி இருந்த இடத்தை உளியால் குடைந்துகொண்டிருந்தார். நான் தூக்குவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வரப்பு வழியாக வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பணியாரத்தைத் தொடாத தாத்தா.

ஆடி மாதத்தில் சம்பந்தம் பேச யாரும் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதற்காகவே அவர் அந்த மாதம் பார்த்து, வீட்டுப் பக்கம் போகாமல் நேராகத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், இவர் ஆவணியில்தானே வர வேண்டும், ஆவணி பிறந்துவிட்டதா என்பதுதான்.

அவர் குழியின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது கறுத்த ஒரு உருவம், இரண்டு வீங்கிய கண்.

"ஏப்பா, ஒனக்கு எந்த ஊரு?" என்றார்.

"இங்கனதான்" என்றார் சித்தப்பா. துண்டுக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. இந்த வீட்டுச் சின்னவன் இருக்கான்ல, ரயில்வேயில வேலை பாத்தவன். அவன் ஆளு எப்படி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'தாத்தா, இவர்தான் அவர்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் பார்வைக்கு அர்த்தம் கண்டுபிடிக்காமல் எந்தப் பிள்ளையும் வளர முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

"எதுக்குக் கேக்குறீக?"

"பொண்ணு குடுக்கலாமான்னு ஒரு யோசனை. வீட்டுல கேட்டா வீட்டுக்காரன் பெருமைதான் பேசுவான். கூலிக்கு வேலை செய்யுற ஆளுதான் உள்ளதைச் சொல்லும். சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ரயிலு திரும்ப வருமா?"

சித்தப்பா உளியைக் கீழே வைத்தார். நான் பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: சண்டை முடிஞ்சா வரும், என்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்காக.

"வராதுங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பல வருஷம் கழித்து ரயில் வரத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குச் சித்தப்பா வராது என்று சொன்ன விதத்தில், வராது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்தமாதிரி இருந்தது. அப்படியானால் தினமும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டை எதற்கு?

"வேலை இல்லேன்னா என்னத்த வச்சுப் பொழைப்பான்?"

"விவசாயந்தான். ஆனா அவனுக்கு ஏர் ஓட்டத் தெரியாது. ஓட்டுனா கோணலாப் போகும். மம்பட்டி புடிச்சா அரைநாளைக்கு மேல தாங்க மாட்டான்."

"குடிப்பானோ?"

"அதெல்லாம் இல்ல."

"கொணம்?"

"முந்தி நல்லாத்தான் இருந்தான். வேலை போனதில இருந்து வெடுக்கு வெடுக்குன்னு கோவம். அண்ணங்கிட்ட தெனமும் சண்டை. அண்ணன் சொல்றதுதான் சரின்னு அவனுக்கும் தெரியும்."

தன்னைப் பற்றித் தானே இப்படிக் கோள் சொல்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரியவர் குனிந்து, கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஒனக்கு ஒரு பொண்ணு இருந்தா, நீ குடுப்பியா?"

சித்தப்பா கீழே வைத்த உளியை மறுபடியும் கையில் எடுத்தார்.

"இந்த வருசம் குடுக்க மாட்டேன்" என்றார். "அடுத்த வருசம் வந்து பாத்தா, குடுப்பேன்னு நெனைக்கேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. குழியில் கிடந்த தூள் முழுக்க எழும்பிப் பெரியவரின் முகத்தில் அடித்தது. அவர் கட்டையில் ஊன்றிய தார்க்கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டார். கசக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "ஐயோ" என்று கத்தினார். கத்த வாயைத் திறந்ததில் தொண்டைக்குள்ளும் தூள் போய்விட்டது. இருமினார் பாருங்கள், குடை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். என் கை தானாகச் செம்புக்குப் போய்விட்டது. மோரை ஊற்றினேன், உப்பைப் போட்டேன், கலக்கினேன், நீட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டார். சித்தப்பா குழிக்குள்ளிருந்து "ஏய், ஏய்" என்றது என் காதில் அப்புறம்தான் விழுந்தது.

அதே சமயம் கஞ்சிக் கலயத்தோடு அம்மா வந்தாள். பெரியவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தாள். மீசையில் ஒட்டியிருந்த மோரைப் பார்த்தாள். கலயத்தை வரப்பில் வைத்துவிட்டு, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் என்ன ஏது என்று கேட்கவில்லை. குலவை என்றால் சேர்ந்து போட வேண்டியதுதானே! அவர்களும் போட்டார்கள். அய்யா மம்பட்டியோடு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

"வாங்க பெரியப்பா, கை நனைச்சுட்டீக" என்றாள் அம்மா. அவள் கண்ணில் தண்ணீர்.

பெரியவருக்கு அப்போதுதான் கண் திறந்தது. "கை நனைச்சேனா? மரம் அறுக்கிறவுக மோரைல்ல குடிச்சேன்! ஆடி மாசம் எவனாவது சம்பந்தம் பேச வருவானா? நான் சந்தைக்கு வந்தவன்."

"உப்பு உப்புதான் மாமா. ஆடியில தின்னா கரிக்காதா?" என்றார் அய்யா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏத்தா, மோர்ல உப்புப் போட்டியா?" என்றார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அரத்தைப் போட்டுவிட்டு அண்ணன்காரர் வந்து நின்றார். களை எடுத்த பொம்பளைகள் வரப்பில் வரிசை கட்டி நின்றார்கள். உப்பு அதிகமாகிவிட்டது, அதனால்தான் இந்தக் கலவரம் என்று நினைத்தேன். "ரெண்டே ரெண்டு கல்லுத்தான்" என்றேன். அய்யா சிரித்தார். பெரியவரின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அழ ஆரம்பித்தேன். ஒரு கல் என்று சொல்லியிருக்கலாமோ என்று இருந்தது.

அப்போதுதான் சித்தப்பா குழியை விட்டு ஏறி வந்தார். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். துண்டு இருந்த இடம் மட்டும் மனித நிறம். மற்றதெல்லாம் கறுப்பும் கொப்புளமும். பெரியவர் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீயா? இவ்வளவு நேரம் ஒன்னையப் பத்தி ஒன்கிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

"ஆமா மாமா. மன்னிச்சுக்கங்க. நீங்க குடிச்சது எங்க வீட்டு மோர் இல்ல, குழி மோரு. மரம் அறுக்கிறவன் கூலியில சேந்தது. என் பங்கைத்தான் குடிச்சீக. எங்க வீட்டுல நீங்க கை நனைக்கல. அதைக் கணக்குல வைக்காதீக. ஊருக்குப் போங்க, ஆவணியில மனசுக்கு எது தோணுதோ அதைச் சொல்லி அனுப்புங்க."

"ஏலே, கூறுகெட்டவனே!" என்று அய்யா கத்தினார். "தானா வந்து விழுந்ததைத் தூக்கி எறியிறியா?"

"விழ வச்சுப் புடிக்கவேணாம்ணே."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சித்தப்பாவுக்கு அந்தப் பெண் வேண்டாமாகிவிட்டது. குதிருக்குப் பின்னால் இருந்து நான் கேட்டதெல்லாம் பொய். இல்லாவிட்டால் தன்னைப் பற்றி அவ்வளவு மோசமாகச் சொல்லி, உள்ளே போன மோரையும் கணக்கில்லை என்று சொல்வாரா? எனக்குச் சித்தப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது. இதற்காகவா இத்தனை நாள் வெயிலில் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்?

பெரியவர் குனிந்து, விழுந்து கிடந்த குடையை எடுத்தார். பக்கத்தில் அறுக்காமல் கிடந்த ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தார் ஒட்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் யாரும் இல்லை. சலவை வேட்டி அன்றோடு சரி. அறுத்து அடுக்கியிருந்த சட்டங்களைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். சித்தப்பாவின் கையைப் பார்த்தார். சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க வா ஆத்தா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். "அழாத. நீ ஒரு தப்பும் பண்ணல. ஒங்கம்மாளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. அடுப்படியில இருந்து, ஒங்கம்மா கையால, ஒரு செம்பு மோர் வாங்கிட்டு வா. உப்பு தூக்கலாப் போட்டு."

அம்மா எழுந்து ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மோரை ஊற்றின அவசரத்தில் பாதி தரையில் போயிற்று. ஒரு பிடி உப்பைப் போட்டாள். நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அதைத்தான் அவர் வாங்கி, எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு மிடறாக, அவசரமே இல்லாமல் குடித்தார். ரெண்டு கல் உப்புக்கு என்னை அந்த விசாரணை விசாரித்தவர்கள், ஒரு பிடி உப்புக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, குமட்டுகிற அந்த மோரை அந்தத் தாத்தா எதற்காகச் சொட்டு மீதி வைக்காமல் குடித்து முடித்தார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.